இருட்டக்காவும் கறுப்பு டேப்பும்

அந்த மாடி வீட்டுக்குப் படியேறி வருகிறவர்கள் யாரும் அவள் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "இருட்டக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பட்டப்பெயரை முதலில் யார் வைத்தார்களோ, தெரியாது. புதிதாகக் கேட்பவர்கள் ஏதோ மாந்திரீகக்காரி போல என்று நினைத்து ஒரு படி பின்வாங்குவதும் உண்டு. அக்காவுக்கோ அந்தப் பெயரில் ஏகப்பட்ட பெருமை. "எல்லாரும் வெளிச்சம் போட்டுப் பொழைக்கிறாங்க. நான் ஒருத்திதான் இருட்டு போட்டுப் பொழைக்கிறேன்" என்பாள், முகவாயைத் தூக்கிக்கொண்டு.

விஷயம் இதுதான். பழைய ஃபிலிம் கேமராவின் பின்கதவைத் திறந்து பார்த்தால், ஓரத்தில் மெல்லிய பள்ளம் ஓடும். அதில் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருப்பார்கள். கதவு திரும்பும் கீல் பக்கத்தில் கொஞ்சம் அகலமாக இன்னொரு பட்டை இருக்கும். கதவை மூடினால் உள்ளே பொட்டு வெளிச்சம் போகக் கூடாது; இதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். தொழிலில் இருப்பவர்கள் இதைச் சீல் என்பார்கள். கேமரா என்னவோ இரும்பும் கண்ணாடியுமாகக் கல்லுப் போல இருக்கும். இந்த ஸ்பாஞ்சுதான் நாளாக ஆக இளகிப்போய், வெயிலில் கிடந்த தார் மாதிரி ஆகிவிடும். அப்புறம் வெளிச்சத்துக்குக் கேட்கவா வேண்டும்? கிடைத்த சந்தில் புகுந்து ஃபிலிமைச் சுட்டுவிடும். கழுவிப் பார்த்தால் மணமகளின் காதோரம் தீப்பிடித்த மாதிரி செம்மஞ்சள் கீற்று ஓடும்.

அந்தத் தாரைச் சுரண்டி எடுத்து, புதுச் சீல் போட்டுக் கொடுப்பது அக்காவின் வேலை. ஜன்னலோர மேசை, சாய்வாகச் சீவிய தீக்குச்சிகள், ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு, ஒரு இடுக்கி, பள்ளத்தில் அடைக்கக் கறுப்புக் கம்பளி நூல்கண்டு, கீல் பக்கத்துப் பட்டைக்குப் பின்னால் பசை தடவிய ஸ்பாஞ்சுத் தகடு. இவ்வளவுதான் அவளுடைய பட்டறை. ஷட்டர் திரைமேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துக்கொண்டுதான் தீக்குச்சியையே கையில் எடுப்பாள். ஒரு துகள் அந்தத் திரையில் விழுந்தால் கேமராவே நாசம். சுரண்டும்போது மூச்சுக்கூட அளந்துதான் விடுவாள். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தார்கள்.

புதுப் பட்டையை ஒட்டும் விதம்தான் வேடிக்கை. பசை பட்ட இடத்தில் அப்படியே பிடித்துக்கொள்ளும். அப்புறம் நகர்த்த முடியாது. அதனால் அக்கா பசைப் பக்கத்தை நாக்கால் ஒரு தடவு தடவுவாள். ஈரம் இருக்கும் வரை பட்டை வழுக்கிக்கொண்டு போகும், சொன்ன இடத்தில் உட்காரும். காய்ந்ததும் உடும்புப் பிடி. இதைப் பார்த்து முகம் சுளித்த ஒரு வாடிக்கையாளர், "எச்சிலாக்கா?" என்று கேட்டுவிட்டார்.

"ஆமா. உங்க கேமராவுக்கு முத்தம் இலவசம். வேண்டாம்னா எடுத்துட்டுப் போங்க" என்றாள் அக்கா. மனிதர் கேமராவை வைத்துவிட்டுப் போனார்.

ஒட்டியதோடு முடிந்ததா என்றால் இல்லை. இனிமேல்தான் பரீட்சை. சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி டார்ச்சை எரியவிட்டு, கேமராவுக்குள் வைத்துக் கதவை மூடிவிடுவாள். அப்புறம் அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு, படுக்கையறையில் இருக்கும் மர அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். கீழ்த்தட்டைக் கழற்றி, கதவிடுக்கில் போர்வை தைத்து, இதற்கென்றே வைத்திருக்கிற அலமாரி அது. தலைக்குமேல் புருஷனுடைய சட்டைகள் தொங்க, அந்தக் கும்மிருட்டில் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எங்காவது ஊசிமுனை வெளிச்சம் கசிந்தாலும் மறுபடி முதலிலிருந்து வேலை. ஒருமுறை ஊரிலிருந்து வந்த நாத்தனார், துண்டு எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்து, உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்து, "ஐயோ" என்று அலறியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். "கதவ மூடு, கண்ணு கூசுது" என்றாளாம் அக்கா, உள்ளேயிருந்து.

இவ்வளவு பேர் எடுத்தவளை இந்த வேலைக்குள் இழுத்துவிட்டது எது தெரியுமா? கோபம். கல்யாணமான புதிதில் அவள் பை தைக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். புருஷன் கல்யாணப் படம் எடுப்பவர்; தெருவில் அவருக்குப் பெயரே கேமராக்காரர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஒரு நாள் ஃபிலிம் கழுவும் லேபிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஒரு கல்யாணத்துப் படம் முழுக்கக் கீற்று விழுந்து வீணாகியிருந்தது. பெண் வீட்டார் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறார்கள். படம் வீணாகிப் போனதென்று அந்தக் கல்யாணத்தைத் திரும்ப நடத்த முடியுமா? அவர் சாப்பிடவில்லை. இவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தக் கேமராவைத் திறந்து விரலை வைத்தாள். பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டிக்கொண்டது. "இந்த எழவுதானா எம்புருஷனைப் படுக்க வெச்சது?" என்று அன்றைக்கே சுரண்ட ஆரம்பித்தாள்.

முதல் தடவை ஆசை தீரக் கம்பளி நூலை அடைத்துவிட்டதில், கதவு மூடவே மாட்டேன் என்றது. அழுத்தி மூடினால் படீரென்று திறந்துகொண்டது. கேமராக்காரர் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார். பை தைத்த கையல்லவா, பிடி சீக்கிரமே வந்துவிட்டது. நடுவில் ஃபிலிமையே எல்லோரும் மறந்திருந்த காலத்தில் பை தைப்பதே கதி என்று இருந்தாள். அப்புறம் சின்னப் பிள்ளைகளுக்கு ஃபிலிம் பைத்தியம் பிடித்தது. பரணில் கிடந்த கேமராக்கள் எல்லாம் இறங்கின. எல்லாவற்றிலும் தார். அக்காவின் படிக்கட்டில் செருப்பு வைக்க இடமில்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு சட்டம். அவள் சீல் போட்ட கேமராவில் யாரும் டேப் ஒட்டக் கூடாது. பயந்த சுபாவக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று கதவின் இடுக்கில் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொள்வதுண்டு. அக்காவுக்கு அதைப் பார்த்தால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். "நான் எதுக்கு இருக்கேன், வேடிக்கை பார்க்கவா?" என்று அங்கேயே பிய்த்து எறிவாள்.

அப்படித்தான் ஒரு நாள் லேபில், புதிதாகப் படம் எடுக்க வந்திருந்த ஒரு பெண்ணின் கேமராவில் டேப்பைப் பார்த்துவிட்டாள். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அக்கா சும்மா இருப்பாளா?

"ஏம்மா, என் வேலைக்கு மேல நீ ஒட்டுப் போடுறியா? அவ்வளவு அவநம்பிக்கையா?"

அந்தப் பெண் திருதிருவென்று முழித்தாள். "இல்லக்கா... உங்க வீட்டுக்காரர் கேமராவுல பார்த்தேன். அவரே ஒட்டியிருக்காரு, அப்ப ஒட்டணும் போலன்னு நானும் ஒட்டினேன்."

லேப்காரர் இருமுகிற சாக்கில் சிரித்தார். அக்காவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. ஊரெல்லாம் சட்டம் போட்டு என்ன, வீட்டுக்குள் செல்லுபடியாகவில்லையே! கேமராக்காரர் மட்டும் அந்தப் பழைய அடிக்கு அப்புறம் டேப்பை விட்டதே இல்லை. அவள் எத்தனை முறை புதுச் சீல் போட்டுக் கொடுத்தாலும், வேலைக்குக் கிளம்புமுன் பையிலிருந்து டேப் சுருளை எடுத்து நிதானமாக ஒட்டிக்கொண்டு போவார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. சண்டை என்றால் பேசியது அக்கா மட்டும்தான்.

"அந்த டேப்ப இன்னியோட விடுங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"பழக்கமாயிடுச்சு" என்றார்.

"பழக்கமா? பல்லு தேய்க்கிறது பழக்கம். இது அவமானம். கட்டினவரே நம்பலன்னா ஊர்க்காரங்க எப்படி நம்புவாங்க? ஏதாவது வாயத் திறந்து சொல்லுங்களேன்!"

அவர் எதையோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அப்புறம் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அந்த "ம்"மைக் கேட்டால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரமே ஒரு கல்யாணம் வந்தது. படம் எல்லாம் ஃபிலிமில்தான் வேண்டும் என்று மணப்பெண் ஒற்றைக்காலில் நின்றிருந்தாள். காலையில் மண்டபத்துக்குள் சடங்குப் படங்கள். வெயில் ஏறியதும் வெளியே புல்தரையில் இரண்டு வீட்டாரையும் வைத்துக் கூட்டப்படம். கேமராக்காரர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அக்கா அவர் பையிலிருந்த டேப் சுருளை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அவர் ஒன்றும் கேட்காமல் கிளம்பிப் போனார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இன்றைக்குத் தெரியும் என் வேலை என்னவென்று!

அந்தக் குளிர்ச்சி வெங்காயம் நறுக்கும்வரைதான் இருந்தது. நறுக்கிக்கொண்டே, கடைசியாக அவர் கேமராவுக்குச் சீல் போட்ட நாளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இதே அடுப்படியில்தான், குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது செய்த வேலை. பள்ளத்தில் நூல் மாற்றினாள், அது நன்றாக நினைவிருக்கிறது. கீல் பக்கத்துப் பட்டை? விரலால் அழுத்திப் பார்த்தாள். மெத்தென்றுதான் இருந்தது, விட்டுவிட்டாள். அலமாரிக்குள் கொண்டுபோனாளா?

இல்லை. 'எப்படியும் மேலே டேப் ஒட்டத்தானே போகிறார்' என்று நினைத்தது அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தது.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அந்தப் பழைய நாள், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகு, எல்லாம் கண்முன் வந்து நின்றன. இன்னொரு பெண்ணின் கல்யாணமும் எரிந்துபோனால் அந்த மனிதர் எழுந்திருக்கவே மாட்டார். அடுப்பை அணைத்தாள். அரிசி டப்பாவில் கையை விட்டுச் சுருளை எடுத்தாள். மேசைமேல் இருந்த சாமான்களை ஒரு பையில் வாரிப் போட்டுக்கொண்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறி, "கொஞ்சம் பறங்க தம்பி" என்றாள்.

மண்டபத்தில் அவள் போய் நின்றபோது, கேமராக்காரர் வாசல் நிழலில் முடிந்த ரோலை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அதுவரை எடுத்ததெல்லாம் உள்ளே, மங்கின வெளிச்சத்தில் எடுத்த படங்கள்தாம்; அவை தப்பியிருக்கும். வெளியே வெயில் கொளுத்தியது. மாப்பிள்ளை, பெண், சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா என்று ஒரு படையே புல்தரையில் வரிசைகட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தது.

"புது ரோல் போடாதீங்க" என்றாள் மூச்சிரைக்க.

"என்ன ஆச்சு?"

ரகசியமாகச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அக்காவின் குரலுக்கு ரகசியம் வராது. "உங்க கேமராவ நான் அலமாரில வெச்சுப் பார்க்கல. கீல் பக்கம் பழைய பட்டைய அப்படியே விட்டுட்டேன். வெயில்ல கொண்டு போகாதீங்க."

படையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மணப்பெண்ணின் முகம் வாடியது. கேமராக்காரர் காலிக் கேமராவை நீட்டினார். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் வெளிச்சம். அலமாரிக்கு எங்கே போவது? வாசலில் பெரிய கறுப்புக் கார் ஒன்று நின்றிருந்தது. பக்கத்திலேயே அதன் சொந்தக்காரர், பெண்ணின் தாய்மாமன், மொடமொடவென்று சட்டை போட்டு நின்றிருந்தார்.

"அண்ணே, டிக்கியக் கொஞ்சம் திறங்க."

"எதுக்கும்மா? சாமான் ஏதாவது வைக்கணுமா?"

"நான் உள்ள போகணும்."

தாய்மாமன் பேயறைந்தவர் மாதிரி நின்றார். "திறங்க மாமா!" என்று மணப்பெண் அதட்டியதும்தான் சாவியை எடுத்தார். அக்கா கேமராவுக்குள் டார்ச்சை வைத்து மூடி, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு டிக்கிக்குள் ஏறிச் சுருண்டு படுத்தாள். "மூடுங்க. தட்டினதும் திறங்க, மறந்துட்டு சாப்பிடப் போயிடாதீங்க" என்றாள். கல்யாண வீடே காரைச் சுற்றி வந்துவிட்டது.

தட்டும் சத்தம் கேட்டது. திறந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே கேமராக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

"கீல் பக்கம் கசியுது" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "தப்பு என்னோடது. அவரோடது இல்ல. கொஞ்ச நேரம் குடுங்க."

காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, காற்று வராமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். திரைமேல் காகிதம். தீக்குச்சி. வெளியே பார்ப்பதற்கு நல்ல பட்டை மாதிரி இருந்ததன் அடிப்பக்கம் முழுக்கத் தாராகியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, பட்டையை வெட்டி, நாக்கால் தடவி, இழுத்து உட்கார வைத்தாள். கண்ணாடிக்கு வெளியே மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காய்ந்ததும் மறுபடியும் டிக்கி.

இந்த முறை தட்டும் சத்தம் வரவே இல்லை. "என்னங்க, ஏதாவது ஆயிடப் போகுது" என்று தாய்மாமன் பதறினார். கேமராக்காரர், "அவ சொல்லாம திறக்காதீங்க" என்றார். கடைசியில் தட்டினாள். தலை கலைந்து, முகமெல்லாம் வேர்த்து, புடவையில் கிரீஸ் அப்பியிருக்க, இறங்கி நின்றாள்.

"இருட்டு" என்றாள்.

யாரோ கை தட்டினார்கள். அக்கா கவனிக்கவில்லை. கேமராவைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்து டேப் சுருளை எடுத்து நீட்டினாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். இந்தாங்க, மேல ஒட்டிக்கோங்க. இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"நீ எடுத்தேன்னு காலையிலயே தெரியும்" என்றார். சுருளை வாங்கி, திரும்ப அவள் பைக்குள்ளேயே போட்டார். "வேணாம்."

"ஏன்? இத்தனை வருஷமா ஒட்டினீங்களே."

அவர் ரோலைப் பிரித்துக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "ஊர்ல இருக்கிற எல்லார் கேமராவையும் தூக்கிட்டு அலமாரிக்குள்ள போறே. என் கேமராவோட ஒரு நாளாவது போயிருக்கியா? இன்னிக்காவது போவேன்னு ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். அடுப்படியிலயே முடிச்சுக் குடுத்துடுவே. நம்பாம ஒட்டலடி. நீ பார்க்காததாலதான் ஒட்டினேன்."

அக்காவுக்குச் சுரீரென்றது. அவர் ஒட்டுகிறார் என்று இவள் பார்க்கவில்லை. இவள் பார்க்கவில்லை என்று அவர் ஒட்டினார். எத்தனை வருஷம்! எத்தனை சண்டை! கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டு வாங்குறதா அது?" என்றார் அவர். புது ரோலைப் போட்டுக் கேமராவின் கதவை மூடினார். க்ளிக் என்று மூடியது.

படம் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடலாம். நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த லேப்காரர், ஓரமெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம் என்று போன் போட்டுச் சொன்னார். ஆனால் அதற்காக அக்கா காத்திருக்கவில்லை. அவளுக்கு அந்தப் புல்தரையிலேயே தெரிந்துவிட்டது.

கேமராக்காரர் நிழலை விட்டு இறங்கி, நட்டநடு வெயிலுக்குப் போய் நின்றார். இத்தனை நாளும் கேமராவை மார்போடு அணைத்து, கையால் மூடி மூடி எடுத்துப் பழகிய மனிதர், அன்றைக்குத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். ஸ்டூல்மேல் ஏறினார், குனிந்தார், மண்டி போட்டார். ஒட்டுப் போடாத கேமரா வெயிலில் பளபளவென்று மின்னியது. "பெரியப்பா, சிரிங்க! பின்னால அத்தை, முகம் தெரியல!" என்று அவர் குரல் கணீரென்று கேட்டது. இவர் இப்படியும் சத்தம் போடுவாரா என்று அக்கா அசந்துபோனாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. கிரீஸ் அப்பிய முந்தானையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயிலில் அசையாமல் நின்றாள்.

தள்ளாடிக்கொண்டு வந்த ஒரு வயதான உறவுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல நிக்கிறியேம்மா. யாரு நீ, பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"நான் கேமரா வீடு, பெரியவரே" என்றாள் இருட்டக்கா.